அருங்காட்சியகத்தில் தன்னார்வ வழிகாட்டிகளை ஒருங்கிணைப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

அருங்காட்சியகத்துக்கு வரும் ஒருவர் ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இதைக் கவனித்து எழுதிய ஆய்வு 2001இல் வெளியானது. சராசரி 27 வினாடி. பாதிப் பேர் 17 வினாடிக்குள் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். அதே படத்தின் அருகில் நல்ல வழிகாட்டி ஒருவர் நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டால் ஐந்து நிமிடம் ஆனாலும் கூட்டம் அசையாது. அந்த வழிகாட்டி பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர். தன் சனிக்கிழமையை நமக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்.

ஒருங்கிணைப்பாளரின் வேலை எல்லாம் அந்தச் சனிக்கிழமையை வீணாக்காமல் இருப்பதில்தான் அடங்கியிருக்கிறது. தன்னார்வலர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதற்கு நான் பார்த்தவரை வேலைப்பளு பெரிய காரணமாக இருந்ததில்லை. வந்து பார்த்தால் குழு வரவில்லை. கூடம் பூட்டியிருப்பதை யாரும் சொல்லவில்லை. மூன்று மாதமாகத் தான் பேசியதை ஒருவர்கூட நின்று கேட்கவில்லை. இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்துதான் ஒருவர் விலகுகிறார். கீழே வரும் படிகளை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

1. ஆளைத் தேடும் முன் கணக்கைப் போடுங்கள்

வழிகாட்டி ஒருவர் பார்வையாளர்களைக் கூடங்களுக்கு அழைத்துப்போய் விளக்குவதைத்தான் இங்கே சுற்று என்கிறேன். முதலில் எத்தனை சுற்றுகள் நடத்தப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சனி, ஞாயிறு மட்டும் நாளுக்கு இரண்டு என்றால் வாரத்துக்கு நான்கு, மாதத்துக்குச் சுமார் பதினேழு. அப்புறம் நாளுக்கு ஒரு மாற்று ஆள் தயாராக இருக்க வேண்டும். அது மாதத்துக்கு ஒன்பது முறை. மொத்தம் 26 முறை. ஒருவர் மாதத்துக்கு இரண்டு முறை வருவார் என்று வைத்தால் 13 பேர் தேவை. தேர்வு, காய்ச்சல், ஊர்ப்பயணம் எல்லாம் இருக்கும், ஆகவே கால் பங்கு கூட்டி 16 பேர் என்று வையுங்கள்.

இதையே வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு மூன்று சுற்று என்று மாற்றிப் பாருங்கள். மாற்று ஆள் இல்லாமலே 39 பேர் வேண்டும். பல இடங்களில் திட்டம் படுத்துவிடுவது இந்தக் கணக்கைப் போடாததால்தான். அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, வந்தவரிடம் இன்று சுற்று இல்லை என்று சொல்வதைவிட, வாரம் நான்கே சுற்று, ஆனால் நான்கும் கட்டாயம் நடக்கும் என்பது எவ்வளவோ மேல்.

சுற்றின் நீளத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். என் அனுபவத்தில் 45 நிமிடம் சரியான அளவு. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கால் வலிக்கும், கவனம் சிதறும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் கில்மன் இந்தச் சோர்வைப் பற்றி 1916இலேயே எழுதியிருக்கிறார். பொருளைப் பார்க்க மக்கள் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று புகைப்படமாகவே எடுத்துக் காட்டினார். பார்வையாளர்களுக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. அந்த அருங்காட்சியகத்தில் 1907இல் அப்படிப்பட்ட வழிகாட்டிகள் வந்தார்கள்.

2. ஆள் சேர்ப்பது

வேலையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மாதத்துக்கு எத்தனை முறை, எந்த நேரம், பயிற்சி எத்தனை வாரம், குறைந்தது எவ்வளவு காலம் இருக்க வேண்டும், போக்குவரத்துச் செலவு கிடைக்குமா கிடைக்காதா. கடைசிக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நீங்களாகவே எழுதிவிடுங்கள்.

தேர்வு வைக்காதீர்கள், பேசிப் பாருங்கள். வரலாறு கரைத்துக் குடித்தவர்தான் வேண்டும் என்று நினைத்தால் தவறான ஆளைப் பிடிப்பீர்கள். வந்தவரைக் கூடத்துக்கு அழைத்துப்போய், “உங்களுக்குப் பிடித்த ஒரு பொருளைப் பற்றி எனக்கு மூன்று நிமிடம் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். நடுவில் ஒரு கேள்வி கேட்டு நிறுத்துங்கள். கேள்வியை வாங்கிக்கொண்டு, யோசித்து, பொருளைத் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்பவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வியைத் தள்ளிவிட்டு மனப்பாடம் செய்ததைத் தொடர்பவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் கொஞ்சம் யோசியுங்கள். தகவலைச் சொல்லிக்கொடுக்க முடியும்; காதுகொடுத்துக் கேட்கும் குணத்தைச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாடு.

யார் வருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பயிற்சியை வேலைநாளில் பகலில் வைத்தால் ஓய்வுபெற்றவர்களும் வசதியானவர்களும் மட்டுமே வர முடியும். சிகாகோ கலைக் கழக அருங்காட்சியகம் 2021இல் தன் தன்னார்வ வழிகாட்டித் திட்டத்தையே நிறுத்தியதற்குப் பின்னால் இந்தப் பிரச்சினை இருந்தது. நீண்ட பயிற்சியையும் பகல் நேரத்தையும் இலவசமாகத் தரக்கூடியவர்கள் ஒரே வகையான ஆட்களாக இருந்தார்கள். அந்த அமைப்பை மாற்றிச் சம்பளம் தரும் முறைக்குப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. ஆனால் ஆண்டுக்கணக்காக உழைத்தவர்களுக்கு முடிவைக் கடிதத்தில் தெரிவித்த விதம் பெரிய மனவருத்தத்தையும் பொதுவெளியில் சண்டையையும் உண்டாக்கியது. நிர்வாகம் சொன்ன பிரச்சினை உண்மையானது என்பதே என் கருத்து. ஆனாலும் அந்த மனிதர்களை முதலில் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். நீங்கள் தொடங்கும்போதே மாலை நேரப் பயிற்சி, வார இறுதிப் பயிற்சி என்று வைத்தால் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் உள்ளே வருவார்கள்.

3. பயிற்சி

வார இறுதியில் இரண்டு மணி நேரம், எட்டு வாரம். இதற்கு மேல் இழுத்தால் ஆள் குறையும். முதல் வாரமே எல்லோர் கையிலும் தடித்த புத்தகத்தைக் கொடுத்துப் பயமுறுத்த வேண்டாம். சுற்றில் இடம்பெறும் ஏழெட்டுப் பொருள்களுக்கு மட்டும் தலா ஒரு தாள் தயார் செய்யுங்கள். தாளில் நான்கு பகுதி போதும்: உறுதியாகத் தெரிந்தவை, அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளவை, கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடியவை, அடிக்கடி வரும் கேள்விகள். காப்பாட்சியர், அதாவது அருங்காட்சியகப் பொருள்களுக்குப் பொறுப்பான நிபுணர், படித்துப் பார்த்துத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். புதிய ஆய்வு வந்தால் தாளை மாற்றுங்கள், பழையதைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது பகுதிதான் சுற்றுக்கு உயிர். ஒரு மண்பானையை எடுத்துக்கொள்ளுங்கள். “இது இந்தக் காலத்துச் சமையல் பானை” என்று வழிகாட்டி சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. அதற்குப் பதிலாக, “இதில் எங்கே கருப்பாக இருக்கிறது என்று பாருங்கள்” என்று கேட்டால் பத்துத் தலைகள் குனியும். ஒரு குழந்தை “அடியில்” என்று சொல்லும். “அடியில் மட்டும் ஏன்?” என்று கேட்டால் அடுப்புக்கு அவர்களே வந்து சேர்வார்கள். “உள்பக்கம் வட்ட வட்டமாகக் கோடு தெரிகிறதா?” என்றால் சக்கரம் வந்துவிடும். பார்வையாளர் தானே கண்டுபிடித்ததை வீட்டுக்குப் போயும் மறக்க மாட்டார்.

இப்படிக் கேட்பதற்கென்றே மூன்று கேள்விகள் பல அருங்காட்சியகங்களில் புழக்கத்தில் இருக்கின்றன. உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் இருந்த பிலிப் யெனவைனும் உருவாக்கிய முறை அது. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் முக்கியம். கற்பனையாகச் சொன்னவரையும் அது பொருளிடமே திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

கேட்டபின் காத்திருக்கவும் பழக்க வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடி ஆக்கினால் பதில்கள் நீளமாகவும் யோசித்தவையாகவும் வருகின்றன என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் காட்டினார். புது வழிகாட்டிக்கு மூன்று வினாடி மௌனம் மூன்று நிமிடம் போலத் தோன்றும். பயிற்சியில் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள்.

இவை தவிரக் கட்டாயம் சொல்லித்தர வேண்டிய சில விஷயங்கள் உண்டு. பொருளின் விலையைப் பற்றிப் பேசக் கூடாது. அது எப்படி வந்தது, யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குத் தாளில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். மேலே கேட்டால் கேள்வியை எழுதிக்கொண்டு காப்பாட்சியரிடம் கொடுக்க வேண்டும். “எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்பதைத் தயங்காமல் சொல்லப் பழக வேண்டும், சொன்னபடி கேட்டும் சொல்ல வேண்டும். “ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது?” என்று துணிக்கூடத்தில் கட்டாயம் கேட்பார்கள். துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு ஒளியைச் சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) என்ற குறைந்த அளவில் வைப்பது வழக்கம், ஒளியால் வெளுத்த நிறம் திரும்ப வராது என்ற காரணத்தையும் சொன்னால் முணுமுணுப்பு நின்றுவிடும். காரணம் தெரியாமல் விதியை மட்டும் சொல்லும் வழிகாட்டி காவலாளி ஆகிவிடுகிறார்.

பயிற்சியின் பின்பாதி கூடத்திலேயே நடக்கட்டும். வெவ்வேறு பாணி உள்ள மூன்று பேரின் சுற்றைப் பின்தொடர்ந்து பார்ப்பது, பிறகு அனுபவமுள்ளவரோடு சேர்ந்து இரண்டு பொருளை மட்டும் விளக்குவது, கடைசியில் முழுச் சுற்றையும் ஒருவர் உடனிருக்கத் தனியாக நடத்துவது. இந்த வரிசையைச் சுருக்காதீர்கள்.

4. பணி அட்டவணை

ஒருங்கிணைப்பின் முதுகெலும்பு இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அட்டவணை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கூகுள் ஷீட் போதும், விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. தேதி, நேரம், வழிகாட்டி, மாற்று ஆள், மொழி, முன்பதிவு எண்ணிக்கை, குறிப்பு என்று ஏழு பத்தி. எல்லோரும் பார்க்கலாம், திருத்துவது இரண்டு பேர் மட்டும். வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும். அட்டவணை வாட்ஸ்அப்பிலும் ஓட ஆரம்பித்தால் காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவில் “ஞாயிறு என்னால் வர இயலாது” என்ற செய்தி மூழ்கிவிடும். வாழ்த்துக்குத் தனிக்குழு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும், அதுவும் நல்லதுதான்.

மாதம் பிறப்பதற்கு மூன்று வாரம் முன்பு தங்களுக்கு முடியும் நாள்களைக் கேளுங்கள், இரண்டு வாரம் முன்பு அட்டவணையை வெளியிடுங்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்று நிரந்தர இடம் கேட்பவர்களுக்கு முதலில் கொடுத்துவிடுங்கள்; அவர்கள்தான் உங்கள் தூண்கள். மிச்ச இடங்களை மற்றவர்களுக்குப் பிரியுங்கள். நல்லவர் என்பதற்காக ஒரே ஆளுக்கு மாதம் ஐந்து முறை கொடுக்காதீர்கள். அவர் மறுக்க மாட்டார், ஆனால் சில மாதங்களில் மொத்தமாகக் காணாமல் போவார்.

வர முடியாதவருக்கு விதி எளிமையாக இருக்கட்டும். மூன்று நாளுக்கு முன்பே தெரிந்தால் அவரே இன்னொருவரிடம் பேசி மாற்றிக்கொண்டு, உங்களுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். நீங்கள் அட்டவணையில் பெயரை மாற்றிய பிறகுதான் மாற்றம் செல்லும். மூன்று நாளுக்குள் என்றால் நேராக உங்களுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், குறுஞ்செய்தி போதாது.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். சுற்று 11 மணிக்கு. 9.10க்கு அழைப்பு வருகிறது: “குழந்தைக்குக் காய்ச்சல் சார், என்னால் வர முடியாது.” முதலில் சொல்ல வேண்டியது, “சரி, நீங்கள் குழந்தையைப் பாருங்கள், இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.” அந்தக் குரலில் துளிகூடச் சலிப்பு தெரியக் கூடாது; தெரிந்தால் அடுத்த முறை அவர் அழைக்கவே தயங்குவார். அடுத்து மாற்று ஆளுக்கு அழைப்பு. மாற்று ஆள் என்பவர் அன்று காலை 9 முதல் 10 வரை தொலைபேசியைப் பக்கத்தில் வைத்திருப்பவர், ஒரு மணி நேரத்தில் வந்து சேரக்கூடியவர். இந்தப் பொறுப்பும் அவருடைய மாதக் கணக்கில் ஒரு முறையாகச் சேர வேண்டும், கூப்பிடாவிட்டாலும். அவரும் வர முடியாவிட்டால் கைவசம் ஒரு 15 நிமிட அறிமுகம் இருக்க வேண்டும், அலுவலகத்தில் உள்ள யாராவது நுழைவுக் கூடத்திலேயே நடத்தும்படி. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் வரிசையாக அழைத்துக் கெஞ்சுவது மட்டும் வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தையும் மறக்காதீர்கள். பள்ளிக்குழு வருகையை ரத்து செய்தால் முதல் அழைப்பு வழிகாட்டிக்கு. அவர் பேருந்து ஏறும் முன் தெரிய வேண்டும். ஏற்கெனவே வந்துவிட்டார் என்றால் சும்மா திருப்பி அனுப்பாதீர்கள். கூடத்தில் இருக்கும் நாலு பேரைச் சேர்த்துச் சின்னச் சுற்று நடத்தச் சொல்லலாம், அல்லது காப்பாட்சியரோடு பத்து நிமிடம் சேமிப்பறையைக் காட்டலாம்.

5. சுற்று நடக்கும் நாள்

வழிகாட்டி 20 நிமிடம் முன்னதாக வரட்டும். வரவேற்பு மேசையில் அன்றைய குறிப்புத் தாள் காத்திருக்க வேண்டும்: எந்தக் கூடம் மூடியிருக்கிறது, எந்தப் பொருள் பராமரிப்புக்குப் போயிருக்கிறது, மின்தூக்கி ஓடுகிறதா, குழுவில் சக்கர நாற்காலியில் வருபவர் உண்டா. பேழையின் முன் போய் நின்று கையை நீட்டிய பிறகு அது காலி என்று தெரிந்துகொள்ளும் சங்கடத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ஒருவருக்கு 20 பேர் வரை. அதற்கு மேல் போனால் பின்வரிசைக்கு எதுவும் தெரியாது, கேட்காது. வழிகாட்டி பொருளுக்குப் பக்கவாட்டில் நின்று, முகத்தைக் கூட்டத்துக்குக் காட்டிப் பேச வேண்டும். பேழையைப் பார்த்துப் பேசினால் காது மந்தமானவர்கள் உதட்டசைவைப் பிடிக்க முடியாது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு முன்வரிசை. குழு முழுவதும் வந்து சேர்ந்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். மெதுவாக நடப்பவர் ஒவ்வொரு பொருளிலும் பாதியை இழப்பது பெரிய அநியாயம்.

பள்ளிக்குழு தனிக் கலை. 60 மாணவர்கள் வந்தால் 20 பேராக மூன்று குழு, மூன்று வழிகாட்டிகள், மூன்று கூடங்கள். ஒரு குழு கல்வெட்டில் தொடங்கினால் அடுத்தது துணிக்கூடம், மூன்றாவது நாணயக்கூடம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒரே திசையில் நகர்வார்கள், நகர்வதற்கு மூன்று நிமிடம். நேரத்தைப் பார்க்க நான்காவது ஆள் கட்டாயம் வேண்டும். வழிகாட்டி கடிகாரத்தையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்க முடியாது. நாணயக்கூடத்தில் ஒரு சிக்கல் வரும். நாணயம் சிறியது, 20 பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரு பேழையைப் பார்க்க இயலாது. பத்துப் பேர் பேழையின் முன் நிற்க, பத்துப் பேர் பெரிதாக்கிய நாணயப் படத்தை வைத்து வரையட்டும், பாதியில் மாற்றுங்கள். ஒழுங்கு ஆசிரியரின் பொறுப்பு, விளக்கம் வழிகாட்டியின் பொறுப்பு என்று பள்ளிக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுங்கள்.

அவசரநிலைக்கு ஒரே விதி: எச்சரிக்கை ஒலித்தால் வழிகாட்டி தன் குழுவோடு அருகிலுள்ள வெளியேறும் வழியால் வெளியே போய்த் தலையை எண்ண வேண்டும். பொருள்களைக் காப்பாற்றுவது அவருடைய வேலை இல்லை. பாதுகாப்பு ஊழியர்களையும் வழிகாட்டிகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சேர்ந்து நடந்து பார்க்கவையுங்கள்.

6. கேட்பதும் திருத்துவதும்

ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொருவரின் சுற்றிலும் போய் நில்லுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். முடிந்தபின் அன்றே பேசிவிடுங்கள்: நன்றாக இருந்த ஓர் இடம், மாற்ற வேண்டிய ஒரே ஒரு விஷயம். பத்துக் குறை சொன்னால் ஒன்றும் மாறாது.

கடினமானது மூத்தவர்களிடம் பேசுவது. ஆண்டுக்கணக்காக வருகிறார், எல்லோருக்கும் பிடித்தவர், ஆனால் சிலையைப் பற்றி ஆதாரமே இல்லாத ஒரு கதையைச் சொல்கிறார். கூட்டம் அதைத்தான் அதிகம் ரசிக்கிறது. குழுக் கூட்டத்தில் பொதுவாகச் சொல்லிப் பார்த்தால் அவரைத் தவிர மற்ற எல்லோரும் திருத்திக்கொள்வார்கள். தனியாக, நேரில் பேசுங்கள். “ஐயா, அந்தக் கதையை நீங்கள் சொல்கிற விதம் எல்லோரையும் கட்டிப்போடுகிறது. ஆனால் அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று காப்பாட்சியர் சொல்கிறார். மக்கள் இப்படி நம்பினார்கள், ஆனால் சான்று இல்லை என்று சேர்த்துச் சொல்ல முடியுமா?” கதையைப் பிடுங்காமல் அதன் இடத்தைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காவிட்டால் காப்பாட்சியரோடு சேர்ந்து உட்காருங்கள். அதற்கும் பிறகு மாறாவிட்டால், அருங்காட்சியகத்தின் பெயரில் தவறான தகவல் போவதை அனுமதிக்க முடியாது. வரவேற்பு, பதிவு, பள்ளிக்குழு நேரக்காப்பாளர் என்று வேறு பொறுப்புக்கு மரியாதையோடு மாற்றுங்கள்.

அவர்கள் உங்களிடம் சொல்வதற்கும் வழி வேண்டும். சுற்று முடிந்ததும் நிரப்ப மூன்று வரி: எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை, எது இடைஞ்சல். இரண்டாவது வரியைச் சேர்த்து மாதம் ஒருமுறை காப்பாட்சியரிடம் கொடுத்து, வரும் பதிலை எல்லோருக்கும் அனுப்புங்கள். தான் எழுதிய கேள்விக்குப் பதில் வந்தால் அந்த வழிகாட்டி அடுத்த முறை இன்னும் கூர்ந்து எழுதுவார்.

7. தக்கவைப்பது

சான்றிதழும் சால்வையும் இருக்கட்டும், ஆனால் அவை மட்டும் ஆளை நிறுத்தாது. கற்றுக்கொள்ளக் கிடைக்கும் வாய்ப்புதான் இவர்களை வரவைக்கிறது. புதிய கண்காட்சியைத் திறப்பதற்கு முன் அவர்களுக்குக் காட்டுங்கள். பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காப்பாட்சியரோ பராமரிப்பு நிபுணரோ அவர்களுக்கென்று பேசட்டும். மே 18 உலக அருங்காட்சியக நாள்; 1977 முதல் கொண்டாடப்படுகிறது, அன்று பல இடங்களில் கூட்டம் அலைமோதும். அதற்கு ஆள் வேண்டுமென்றால் மார்ச்சிலேயே கேளுங்கள். டிசம்பர் 5 பன்னாட்டுத் தன்னார்வலர் நாள். அன்று அவர்களிடம் வேலை வாங்காமல் அவர்களை விருந்தினராக்குங்கள்.

ஒவ்வொருவரும் கொடுத்த மணிநேரத்தைப் பதிவு செய்யுங்கள். நிர்வாகத்திடம் பயண செலவு, காப்பீடு கேட்கும்போது அந்த எண்தான் பேசும். பரிந்துரைக் கடிதம் கேட்கும் மாணவருக்கும் அதுதான் ஆதாரம். சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டாதீர்கள். தினசரி டிக்கெட் கிழிப்பது, கூடத்தைக் காவல் காப்பது போன்றவற்றுக்கு இவர்களைப் பயன்படுத்தத் தொடங்கினால் ஊழியர்களோடு உரசல் வரும், வந்தவர்களும் ஏமாந்ததாக உணர்வார்கள்.

விலக நினைப்பவரோடு பத்து நிமிடம் பேசுங்கள். எதனால் என்று கேளுங்கள், வாதாடாதீர்கள். ஆறு மாதம் ஓய்வு எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது என்று தெரிந்தால் பலர் முழுதாக விலகவே மாட்டார்கள்.

8. உங்கள் மேசைக்கும் ஒரு மாற்று ஆள்

நீங்கள் இரண்டு வாரம் விடுப்பில் போனால் எல்லாம் நின்றுவிடும் என்றால் அமைப்பு இன்னும் உருவாகவில்லை என்று பொருள். அனுபவமுள்ள தன்னார்வலர் ஒருவரைத் துணை ஒருங்கிணைப்பாளராக வையுங்கள். ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்: அட்டவணையின் இணைப்பு, எல்லோருடைய தொடர்பு எண்கள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர் எண்கள், பொருள் தாள்களின் கடைசிப் பதிப்பு, பள்ளிகளுக்கு அனுப்பும் கடித மாதிரி, யாருக்கு எந்த மொழி வரும், யாருக்கு மாடி ஏற முடியாது, யார் எந்தக் கிழமை மட்டும் வர முடியும். தொலைபேசி எண்கள் உள்ள பக்கம் உங்கள் இருவருக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் தெரியும்படி பூட்டி வையுங்கள். பிறகு ஒரு மாத அட்டவணையை அவரே முழுதாகப் போடட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.